பதினாறு வயது நடன அமைப்பாளர்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் வசந்தகாலம் என்றால் மியூசிகல் காலம். ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை படிக்கும் முப்பது நாற்பது பிள்ளைகள் சேர்ந்து, வசனமும் பாட்டும் ஆட்டமுமாக இரண்டரை மணி நேர நாடகம் ஒன்றை மேடையேற்றுவார்கள். இரண்டு மூன்று மாதம், பள்ளி விட்ட பிறகு ஒத்திகை நடக்கும். கடைசியில் ஒரு வார இறுதியில் டிக்கெட் வைத்து இரண்டு மூன்று காட்சிகள். டிராமா ஆசிரியர் இயக்குவார். கோரஸ் வகுப்பெடுப்பவர் பாட்டைப் பார்த்துக்கொள்வார். மேடை ஓரத்தில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு விளக்குக்கும் திரைக்கும் உத்தரவு கொடுக்கும் ஸ்டேஜ் மேனேஜர் பெரும்பாலும் ஒரு மாணவராகவே இருப்பார்.

நடனத்துக்குத்தான் ஆள் தேட வேண்டியிருக்கும். நாடகம் தெரிந்த ஆசிரியருக்கு நடனமும் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. வசதியுள்ள பள்ளி, வெளியிலிருந்து ஒருவரைத் தொகை பேசி அழைத்து வரும். மற்ற இடங்களில், “உனக்குத்தான் நல்லா டான்ஸ் வருமே, நீயே பாத்துக்கோயேன்” என்று ஒரு மாணவியிடம் ஒப்படைத்துவிடுவதும் உண்டு. மாணவர் நடனம் அமைப்பது நல்ல காரியம் என்பதே என் கருத்து. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தோடு ஆசிரியர் ஒதுங்கிக்கொண்டால் பெரும்பாலும் அது கெட்டுப்போகும். எல்லை வகுத்து, கூட ஒரு பெரியவரை நிறுத்தி, முழு அதிகாரத்தோடு கொடுத்தால்தான் அது உருப்படும்.

நம் ஊர்ப் பள்ளி ஆண்டுவிழாவுக்கு டான்ஸ் மாஸ்டர் வருவார். ஸ்டெப் அவருடையது; முன்வரிசையில் யார் என்பதும் அவர் முடிவு. கல்லூரி கல்ச்சுரல்ஸில் இதற்கு நேர்மாறு: பாட்டைத் தேர்ந்தெடுப்பது, அமைப்பது, சொல்லிக்கொடுப்பது எல்லாமே மாணவர்கள்தான், பெரியவர் யாரும் எட்டிப்பார்ப்பதில்லை. அமெரிக்கப் பள்ளி மியூசிகலின் மாணவ நடன அமைப்பாளர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். அந்த நடுவிடத்துக்குக் கல்வி நியாயமும் உண்டு. 2014-ல் அமெரிக்காவில் வெளியான தேசியக் கலைக்கல்வித் தரங்கள், நடனம், இசை, நாடகம் எதுவானாலும் நான்கு செயல்களைக் கற்பிக்கச் சொல்கின்றன: படைப்பது, நிகழ்த்துவது, பார்த்து மதிப்பிடுவது, வாழ்க்கையோடு தொடர்புபடுத்துவது. மற்றவர் சொல்லிக்கொடுத்த ஸ்டெப்பை ஆடும் பிள்ளைக்குப் பெரும்பாலும் இரண்டாவது மட்டுமே கிடைக்கிறது. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் நடன அமைப்பைப் போலக் கைகொடுக்கும் வேலை வேறில்லை.

ஒரு நாடகத்தை வைத்துப் பார்த்தால் விளங்கும். ‘பை பை பேர்டி’ பல பத்தாண்டுகளாகப் பள்ளிகள் விரும்பிப் போடும் மியூசிகல். 1960-ல் பிராட்வேயில் அரங்கேறியது. சார்ல்ஸ் ஸ்ட்ரவுஸ் இசை, லீ ஆடம்ஸ் பாடல்கள், மைக்கேல் ஸ்டூவர்ட் எழுத்து. இயக்கமும் நடனமும் கோவர் சாம்பியன். எல்விஸ் பிரெஸ்லி ராணுவத்துக்கு அழைக்கப்பட்டதை ஒட்டிப் பின்னிய கதை: கான்ராட் பேர்டி என்ற பாடகன் பட்டாளத்துக்குப் போகிறான். போகும் முன், ஒஹையோ மாநிலத்தின் ஸ்வீட் ஆப்பிள் என்ற கற்பனை ஊரில் கிம் என்ற பெண்ணுக்கு டிவியில் ஒரு கடைசி முத்தம் கொடுப்பதாக ஏற்பாடு. ஊரே அல்லோலகல்லோலப்படுகிறது. மேடை முழுக்கப் பதின்ம வயதுப் பிள்ளைகள் என்பதால் பள்ளிக்கூடத்துக்கு நன்றாகப் பொருந்தும்.

இந்த நாடகத்தின் நடனம் முழுவதையும் ஒரே மாணவரிடம் கொடுப்பது அநியாயம். பத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். அவருக்கு வீட்டுப்பாடமும் தேர்வும் இருக்கின்றன. ஒரு பாட்டு, மிஞ்சிப்போனால் இரண்டு போதும். எந்தப் பாட்டு என்பதில்தான் ஆசிரியரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. நான் முதலில் கொடுக்கச் சொல்வது ‘தி டெலிபோன் ஹவர்’. கிம்மும் ஹியூகோ என்ற பையனும் காதலர்களாகிவிட்ட சேதியை ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லாரும் ஒருவருக்கொருவர் போன் போட்டுப் பரப்பும் பாட்டு அது. பிராட்வே மேடையில் பல வண்ணப் பெட்டிகளை அடுக்கிய மாதிரி ஓர் அமைப்பைக் கட்டி, பெட்டிக்கு ஒருவராகப் பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். பள்ளியில் அத்தனை பெரிய செட் வராது. நாற்காலி, ஸ்டூல், ஏணிப்படி, மரப்பலகை மேடை என்று கிடைத்ததை வைத்து உயரம் காட்டலாம்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு இது ஏன் ஏற்றது? எல்லார் கையிலும் ரிசீவர் இருக்கிறது, ஆகவே ஆட ஒரு கைதான் கிடைக்கும். நகர இடமில்லை, ஆகவே காலுக்கு வேலை குறைவு. மிச்சம் இருப்பது தலை, தோள், உட்காரும் விதம், ஒரு கை. இவ்வளவு குறைந்த சரக்கை வைத்து மூன்று நான்கு நிமிடம் ஓட்ட வேண்டும் என்றால் யோசித்தே ஆக வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்குச் சுருள் வயர் போனைப் பிடிக்கவே தெரியாது, சொல்லிக்கொடுக்க வேண்டும்: ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு பேசுவது, வயரை விரலில் சுற்றுவது, மெத்தையில் குப்புறப் படுத்துக் காலைப் பின்னால் ஆட்டுவது, அம்மா வருகிற சத்தம் கேட்டு வாயைக் கையால் பொத்துவது. இவற்றைத் தாளத்தில் உட்காரவைத்தாலே பாதி நடனம் வந்துவிடும். இதைவிட முக்கியமான பாடம் ஒன்றும் இந்தப் பாட்டில் இருக்கிறது. வரிக்கு வரி வேறொருவர் பாடுகிறார். பாடுகிறவரிடம் பார்வையாளர் கண் தானாகப் போய்ச் சேர வேண்டும். அதற்கு ஒரே வழி, அந்த நேரத்தில் மற்றவர்கள் அசையாமல் இருப்பது. நடன அமைப்பு என்பதில் யாரை நிறுத்திவைப்பது என்பதும் அடக்கம் என்று ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்கு இந்தப் பாட்டு முதல் ஒத்திகையிலேயே காட்டிக்கொடுக்கும்.

‘எ லாட் ஆஃப் லிவின் டு டூ’ அப்படியல்ல. பிள்ளைகள் எல்லாரும் எழுந்து ஆடும் பெரிய நடனம் அது. ஒரு வருடம் அனுபவப்பட்ட இருவர் சேர்ந்து செய்யலாம், பெரியவர் அருகில் இருக்க. ஆல்பர்ட் என்ற பாத்திரம் ஒரு சோகப் பெண்ணைச் சிரிக்கவைக்கும் ‘புட் ஆன் எ ஹாப்பி ஃபேஸ்’ இரண்டு மூன்று பேரோடு முடிகிற சின்ன வேலை. கூச்சப்படுகிற மாணவருக்கு அதுவே நல்ல தொடக்கம். ‘ஷ்ரைனர்ஸ் பாலே’ என்று ஒன்று இருக்கிறது. ரோஸி என்ற பாத்திரம் ஆண்கள் கூட்டத்துக்குள் புகுந்து, மேசைக்கு அடியிலும் மேலுமாக ஆடும் காட்சி. அதை மாணவர் கையில் கொடுக்கவே கூடாது. எவ்வளவு தொடலாம், எது கண்ணியம் என்பதையெல்லாம் முடிவு செய்யும் பாரம் பெரியவருடையது. வெட்டிவிடலாம் என்று தோன்றினாலும் உரிமம் கொடுத்த நிறுவனத்திடம் அனுமதி கேட்டுத்தான் வெட்ட வேண்டும்.

ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஸ்டுடியோவுக்குப் பணம் கட்டி மூன்று வயதிலிருந்து ஆடிப் பழகிய பிள்ளைதான் எல்லார் கண்ணிலும் முதலில் படும். நன்றாக ஆடுவது வேறு, ஆடவைப்பது வேறு. விண்ணப்பத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டு ஒரு சின்னச் சோதனை வைக்கலாம். நாடகப் பாட்டிலிருந்து ஒரு நிமிடம் எடுத்து, நடனமே தெரியாத மூன்று பேருக்குச் சொல்லிக்கொடுத்து, அந்த மூவரையும் ஆசிரியர் முன்னால் ஆடவைக்க வேண்டும். விண்ணப்பித்தவர் ஆடக் கூடாது. ஓரமாய் நின்று பார்க்கட்டும். மூவரும் ஒன்றுபோல் ஆடினார்களா, ஆடும்போது முகம் மலர்ந்திருந்ததா என்பதிலேயே விடை கிடைத்துவிடும். இந்தச் சோதனையில் பாலே தெரிந்தவரை, கால்பந்து அணியில் ஆடும் பையன் முந்திவிடுவதற்கும் வாய்ப்புண்டு.

நியூஜெர்சி, கலிபோர்னியா பக்கம் இந்தப் பிள்ளைகளில் பரதநாட்டியம் பயின்ற நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தாளக் கணக்கு அவர்களுக்குக் கைவந்தது. முகபாவம் சொல்லவே வேண்டாம். ஆனால் குரு சொல்லிக்கொடுத்ததைப் பிசகாமல் ஆடிப் பழகியவர்கள் என்பதால், தாமே ஒன்றை அமைக்கச் சொன்னால் தொடக்கத்தில் தயக்கம் இருக்கும். அந்தப் பிள்ளைகளிடம் முதலில் ஸ்டெப் கேட்கக் கூடாது. இந்தப் பாட்டில் யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். பதம் ஒன்றுக்கு அபிநயம் பிடித்தவருக்கு அந்தக் கேள்வி உடனே புரியும்.

ஆள் கிடைத்ததும் மேடைக்கு ஓட வேண்டாம். முதல் வேலை காகிதத்தில். நாடக நடனத்தை எட்டெட்டு எண்ணிக்கையாகப் பிரித்துத்தான் அமைப்பார்கள். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் மூன்று நிமிடப் பாட்டில் 360 தட்டு, அதாவது 45 எட்டுகள். ஒரு நோட்டில் 45 வரி போட்டு, ஒவ்வொரு வரிக்கும் எதிரே யார் பாடுகிறார், கதையில் என்ன நடக்கிறது, யார் எங்கே நிற்கிறார் என்று எழுத வேண்டும். ஸ்டெப் கடைசிப் பத்தியில்தான். இப்படி எழுதினால் ஒரு விஷயம் தானே தெரியவரும்: சேர்ந்து பாடும் இடங்களில் கடினமான ஸ்டெப் வைக்க முடியாது. குதித்துக்கொண்டே மூன்று குரலில் பிரிந்து பாடினால் மூச்சு வாங்கும், சுருதி விலகும். வாத்தியம் மட்டும் ஒலிக்கும் இடத்தில் ஆட்டத்தைக் கூட்டி, குரல் வரும் இடத்தில் குறைக்க வேண்டும். நாற்பது பேரில் நடனம் வருகிறவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். கடினமானதை அவர்களுக்குக் கொடுத்து, மற்றவர்களுக்கு நடையும் கைவீச்சும் திரும்பலும் வைத்தால் போதும். பார்க்கிறவருக்கு நாற்பது பேரும் ஆடுவதாகவே தெரியும்.

யூடியூபில் பிராட்வே நடனத்தைப் பார்த்து அப்படியே எடுத்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. எம்.டி.ஐ., கன்கார்ட் போன்ற நிறுவனங்களிடம் பள்ளி வாங்கும் உரிமம் வசனத்துக்கும் பாட்டுக்கும் ஆனது. அசல் நடனம் பொதுவாக அதில் சேராது. நடன அமைப்புக்கு அமெரிக்காவில் தனியாகவே பதிப்புரிமை உண்டு. 1976-ல் இயற்றி 1978 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், நடனப் படைப்பை வெளிப்படையாகப் பெயர் சொல்லிப் பாதுகாத்தது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். தேர்ந்த தொழில்முறைக் கலைஞர்களின் உடம்புக்காக அமைத்த நடனம், பள்ளிப் பிள்ளைகளின் உடம்பில் ஒட்டாது. மாணவ நடன அமைப்பாளருக்கு உள்ள பெரிய அனுகூலமே, ஆடப்போகிறவர்கள் ஒவ்வொருவரையும் அவருக்குத் தெரியும் என்பதுதான். யாருக்கு இடது வலது குழம்பும், யார் சும்மா நின்றாலே சிரிப்பு வரும் என்பது வெளியிலிருந்து வரும் மாஸ்டருக்குத் தெரிய ஒரு மாதம் ஆகும்.

நாற்பது பேர் முன்னால் போவதற்கு முன், ஐந்தாறு நண்பர்களை வைத்து முழுப் பாட்டையும் ஒருமுறை ஆடிக்காட்ட வேண்டும், ஆசிரியர் பார்க்க. குறை சொல்லவேண்டியதை அங்கேயே, அந்த ஆறு பேர் முன்னால்கூட இல்லாமல், தனியாகச் சொல்லிவிட வேண்டும். பெரிய ஒத்திகையில் எல்லார் எதிரிலும் ஆசிரியர் குறுக்கிட்டு ஸ்டெப்பை மாற்றினால், அந்த நிமிடத்தோடு மாணவரின் சொல்லுக்கு மதிப்புப் போய்விடும். இதில் ஆசிரியர்கள் பலர் பொறுமை இழக்கிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

ஒத்திகையில் சில நடைமுறைகள் உதவும். மேடையின் முன்விளிம்பில் நடுவில் பூஜ்யம், இரு பக்கமும் இரண்டிரண்டு அடிக்கு 2, 4, 6 என்று எண் ஒட்டிவிட்டால், “நீ இன்னும் கொஞ்சம் தள்ளி” என்று கத்த வேண்டியதில்லை. “நீ இடது நாலு” என்றால் முடிந்தது. பின்வரிசைக்காரர் முன்வரிசையின் இடைவெளியில் நிற்க வேண்டும், தோளுக்கு நேர் பின்னால் அல்ல. பெற்றோர் ஒவ்வொருவரும் தம் பிள்ளை முகத்தைத் தேடித்தான் வருகிறார்கள். ஒரு எட்டைச் சொல்லிக்கொடுத்து, அது நின்ற பிறகு அடுத்த எட்டு. ஒத்திகை முடிவில் எதிரிலிருந்து ஒரு வீடியோ எடுத்துவைத்தால் வராதவர்களுக்கு ஆகும். அந்த வீடியோ குழுவுக்குள் மட்டும். மியூசிகலைப் பதிவு செய்து பொதுவில் போடுவதற்குத் தனி அனுமதி வேண்டும்.

தான் அமைத்த பாட்டில் தானே ஆடலாமா? ஆடாமல் இருப்பது நல்லது. வரிசையில் நின்றுகொண்டு வரிசை நேராக இருக்கிறதா என்று பார்க்க முடியாது. அதோடு, முன்வரிசை நடுவில் தன்னை நிறுத்திக்கொண்டார் என்ற பேச்சும் வரும். வேறு பாட்டுகளில் அவர் தாராளமாக ஆடட்டும்.

பேச்சு என்று சொன்னேன். உண்மையான கஷ்டமே அதுதான். மதியம் ஒரே மேசையில் சாப்பிட்ட தோழியிடம் நாலு மணிக்கு, “கை தாழ்ந்திருக்கு, மறுபடி” என்று சொல்ல வேண்டும். அவள் முறைப்பாள். பன்னிரண்டாவது படிப்பவருக்குப் பதினொன்றாவது படிப்பவர் திருத்தம் சொன்னால் இன்னும் மோசம். இதற்கு ஆசிரியர் இரண்டு காரியம் செய்யலாம். முதலாவது, ஒழுங்கு நடவடிக்கை முழுவதையும் தானே வைத்துக்கொள்ள வேண்டும். தாமதமாக வருவது, அரட்டை, போன் எல்லாம் பெரியவர் பார்த்துக்கொள்வது. மாணவர் யாரையும் கண்டிக்கவே வேண்டியிராது. யாருக்கு எந்தப் பாத்திரம் என்ற முடிவிலும் மாணவரை இழுக்கக் கூடாது. ஆடிஷனில் ஸ்டெப் சொல்லிக்கொடுக்கட்டும், மதிப்பெண் போட வேண்டாம். இரண்டாவது, திருத்தம் சொல்லும் விதத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டும். பெயரைச் சொல்லாமல் எண்ணிக்கையைச் சொல்வது: “மூணாவது எட்டு, அஞ்சாவது கவுண்ட், எல்லாரும் கை தோளுக்கு நேரே.” தப்புச் செய்தவருக்குத் தெரியும், மற்றவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

பாதுகாப்பு விஷயத்தில் பேரமே கிடையாது. ஒருவரை ஒருவர் தூக்குவது, தோளில் ஏற்றுவது, உயரத்திலிருந்து குதிப்பது எதையும் பயிற்சி பெற்ற பெரியவர் இல்லாமல் வைக்கக் கூடாது. இதே நாடகத்தில் ‘ஆனஸ்ட்லி சின்சியர்’ பாட்டில் பேர்டி பாடப் பாட ஊரே மயங்கி விழுகிறது. பார்க்கச் சிரிப்பாக இருக்கும் அந்த விழுதலைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டால் மணிக்கட்டு போகும். முழங்காலை மடக்கித் தாழ்ந்து, தொடையின் பக்கவாட்டுச் சதையில் இறங்கி, பிறகு முதுகை மெல்லச் சாய்க்க வேண்டும். கையை ஊன்றவும் கூடாது, முழங்காலில் மோதவும் கூடாது. முதல் நாள் பாயில், மெதுவாக, எட்டு எண்ணி விழட்டும். ஒருவர் கையையோ இடுப்பையோ பிடித்துத் திருத்தும் முன் “தொடலாமா?” என்று கேட்கும் பழக்கத்தை மாணவ நடன அமைப்பாளருக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பெரியவர் ஒருவர் எப்போதும் அறையில் இருக்க வேண்டும், பக்கத்து அறையில் அல்ல.

நாலு வாரம் கழித்து, பாட்டு சரியாக வரவில்லை என்றால்? இது நடக்கும். ஸ்டெப் கனத்துப்போயிருக்கும், பாதிப்பேருக்கு நினைவில் நிற்காது, மாணவர் அழுகிற நிலையில் இருப்பார். ஆசிரியருக்கு வரும் முதல் எண்ணம், தானே வாங்கி முடித்துவிடலாம் என்பது. அதைச் செய்ய வேண்டாம். நோட்டை எடுத்துவைத்து இருவரும் உட்கார்ந்து, 45 எட்டில் எவை கட்டாயம் வேண்டும் என்று பார்க்கலாம். மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, ஏற்கெனவே நன்றாக வருகிற ஓர் எட்டையே திரும்ப வைத்தால் பெரும்பாலும் பாட்டு எழுந்து நின்றுவிடும். எதை வெட்டுவது என்று மாணவரே சொல்லட்டும். காட்சிக்கு முந்தைய வாரம் வந்துவிட்டால் மட்டும், வந்தவரை போதும் என்று நிறுத்திவிட வேண்டும். அந்த வாரத்தில் விளக்கும் உடையும் மைக்கும் சேரும்போது பிள்ளைகளுக்குப் புதிய ஸ்டெப் தாங்காது.

பணம் பற்றியும் பேசியாக வேண்டும். பெரியவருக்குக் கொடுக்கவேண்டிய தொகையை மிச்சப்படுத்துவதற்காக மாணவரை நிறுத்துவது தவறு. தொகை இருந்தால் அதை வைத்து ஒரு நடனக்காரரை மூன்று நான்கு முறை அழைத்து, மாணவரின் வேலையைப் பார்த்து ஆலோசனை சொல்லவைக்கலாம். அவர் ஸ்டெப் போட வேண்டாம். அரங்க நிகழ்ச்சித் தாளில், இயக்குநர் பெயர் அச்சாகும் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், எந்தப் பாட்டுக்கு யார் நடனம் அமைத்தார் என்று மாணவர் பெயர் வர வேண்டும். கடைசிப் பக்க நன்றிப் பட்டியலில் சேர்த்தால் அது செய்த வேலைக்கு ஈடாகாது. கல்லூரி விண்ணப்பத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும்போதும் “நன்றாக ஆடுவார்” என்று நிறுத்திக்கொள்ளாமல், நாற்பது பேருக்கு ஒரு பாட்டை அமைத்துக் கற்றுக்கொடுத்தார், சரிவராததைத் தானே கண்டுபிடித்து மாற்றினார், ஒருவரையும் மனம் நோகப் பேசவில்லை என்று நடந்ததை நடந்தபடி ஆசிரியர் எழுதிக் கொடுக்கலாம்.